கேஸ் சுடரில் முடி இடுக்கி காய்ச்சும் அடுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய சலூன் சாமான்கள் சேர்ப்பது என் பைத்தியம். அலமாரியில் எத்தனையோ இருந்தாலும், வீட்டுக்கு வருகிறவர்கள் கண் நேராகப் போய் நிற்பது நிக்கல் பூசிய ஒரு சின்னக் கேஸ் அடுப்பின் மேல்தான். லண்டனில் ஒரு பழைய பொருள் சந்தையில் வாங்கியது. அழகுக்கலை வகுப்புக்கு எடுத்துப் போனாலும் இதே கதைதான்: பாடத்தை விட்டுவிட்டு அடுப்பைப் பற்றியே கேட்பார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டு, தெரிந்ததைப் பதிலாக எழுதியிருக்கிறேன்.

இது என்னக்கா, அடுப்பா விளக்கா?

அடுப்புதான், ஆனால் சமையலுக்கு இல்லை. முடியைச் சுருட்டவும் அலை போடவும் பயன்பட்ட இரும்பு இடுக்கியைக் காய்ச்சுகிற கேஸ் அடுப்பு. இன்றைக்குக் கர்லிங் அயர்னை பிளக்கில் சொருகினால் அதுவே சூடாகிவிடுகிறது. 1800களின் பின்பாதியிலிருந்து 1920கள் வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் புழங்கிய இடுக்கிக்குள் அப்படி எதுவும் கிடையாது. வெறும் இரும்பு. வேறெங்காவது காய வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

என்னிடம் இருப்பது ஒரு சாண் நீளம். கனமான வார்ப்பிரும்பு அடித்தட்டு. அதன் மேல் படுக்கைவாட்டில் ஒரு பித்தளைக் குழாய், குழாயின் முதுகில் வரிசையாக ஊசித் துளைகள். அதற்கு மேலே வளைந்த தகட்டு மூடி, இரண்டு முனையும் திறந்தபடி. இடுக்கியின் இரும்புப் பகுதியை அந்த மூடிக்குள் நுழைத்து, கைப்பிடியை வெளியே ஒரு கொக்கியில் சாய்த்து வைப்பார்கள். பின்பக்கம் ஒரு திருகு, அதற்கும் பின்னால் ரப்பர் டியூப் மாட்ட வரிவரியாகக் கடைந்த ஒரு மூக்கு. அவ்வளவுதான் சாமான்.

அந்தக் காலத்துல ஏது கேஸ் சிலிண்டர்?

சிலிண்டர் இல்லை, குழாய். நிலக்கரியைக் காற்றுப் படாமல் மூடிய உலையில் வறுத்தால் எரிவாயு வரும். அதைப் பெரிய தொட்டியில் சேர்த்து, தெருவுக்கு அடியில் குழாய் பதித்து வீடு வீடாக விட்டார்கள். லண்டனில் இதற்கான கம்பெனிக்கு 1812இலேயே அரசு அனுமதி கிடைத்துவிட்டது. முதலில் தெரு விளக்குக்கு, பிறகு கடைக்கு, அப்புறம் வீட்டுக்கு.

இந்த வாயு முதலில் வீட்டுக்குள் வந்தது சமையலுக்கு அல்ல, வெளிச்சத்துக்கு. சுவரிலிருந்து நீளும் பித்தளைக் கை, அதன் நுனியில் சுடர். ஒப்பனை மேஜைக்குப் பக்கத்துச் சுவரிலும் அப்படி ஒன்று இருந்தது என்றால், இடுக்கி காய்ச்ச நெருப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஆரம்பகாலச் சாதனங்களில் சில, அந்த விளக்குக் கையிலேயே மாட்டிக்கொள்ளும் வெறும் கம்பித் தாங்கிகள்தான். ரப்பர் டியூப் வைத்து மேஜைக்குக் கேஸை இழுத்துக்கொள்ளும் வகைகளும் வந்தன. என்னுடையது அந்தக் கூட்டம்.

அதுக்கு முன்னாடி எதுல காய வெச்சாங்க?

கணப்பு அடுப்பின் தணலில். வேலை நடக்கும், ஆனால் சாம்பல் ஒட்டும். துடைக்காமல் முடியில் வைத்தால் பொன்னிற முடியில் கறுப்புக் கோடு விழும். மண்ணெண்ணெய் விளக்கு வந்த பிறகு அதன் கண்ணாடிச் சிம்னி வாயில் ஒரு கம்பி வளையத்தை உட்கார வைத்து, இடுக்கியைத் தலைகீழாக உள்ளே தொங்கவிட்டார்கள். ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு ஸ்பிரிட் விளக்கு. உள்ளங்கையில் அடங்கும் தகரப் பெட்டி, திறந்தால் சின்னத் திரி, மடக்குக் கால்கள். இவையெல்லாம் கேஸ் வந்த பிறகும் மறையவில்லை. கேஸ் குழாய் போகாத கிராமங்களில் ஸ்பிரிட் விளக்குதான் கடைசி வரை.

நேரா நெருப்புல காட்டினா போதாதா? தனியா ஒரு மிஷின் எதுக்கு?

விளக்குச் சுடர் மஞ்சள். மஞ்சளாக எரிகிறது என்றாலே எரியாத கரித்துகள் உள்ளே சிவந்து ஒளிர்கிறது என்று பொருள். வெளிச்சத்துக்கு அது நல்லது. அதே சுடரில் குளிர்ந்த இரும்பைக் காட்டினால் அந்தத் துகள் எல்லாம் கரியாக இரும்பில் படியும். மேலே சொன்ன கம்பித் தாங்கிகளின் தீராத தொல்லை இதுதான். கையில் எப்போதும் ஒரு துணி இருக்க வேண்டும்.

விடை பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்தது. 1855 வாக்கில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் புன்சன் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் உருவான பர்னரில், கேஸ் எரிவதற்கு முன்பே குழாய்க்குள் காற்றோடு கலந்துவிடும். சுடர் நீலமாக, கரியில்லாமல், அதிகச் சூட்டோடு எரியும். என் அடுப்பின் திருகுக்குப் பக்கத்தில் விரல் நுனி நுழையாத அளவில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. காற்று நுழைகிற வழி அது. வீட்டு கேஸ் ஸ்டவ்வில் பர்னருக்கு அடியில் குனிந்து பார்த்தால் இதே ஓட்டை இருக்கும்.

இரண்டாவது காரணம், சீரான சூடு. ஒற்றைச் சுடரில் காட்டினால் ஒரு இடம் பழுக்கும், நுனி ஆறிக் கிடக்கும். வரிசைத் துளையும் மேல் மூடியும் சேர்ந்து இரும்பின் நீளம் முழுக்கச் சூட்டைப் பரப்புகின்றன. சில மாடல்களில் சுடருக்கும் இடுக்கிக்கும் நடுவே ஒரு தகடு இருக்கும்; சுடர் இரும்பைத் தொடவே தொடாது. கொஞ்சம் மெதுவாகக் காயும், ஆனால் அதுதான் நல்ல வேலைப்பாடு என்பது என் கட்சி.

மார்செல் மார்செல்னு சொல்றீங்களே, யாரு அந்த ஆள்?

மார்செல் கிராட்டோ, பாரிஸில் கடை வைத்திருந்த முடிதிருத்துநர். 1870களில் கேஸில் காய்ச்சிய இடுக்கியைப் பிடிக்கிற முறையை மாற்றி, சுருளுக்குப் பதிலாகத் தலை முழுக்கப் படிந்த அலைகளை உண்டாக்கினார். அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. தொழிலில் இருப்பவர்கள் இன்றைக்கும் மார்செல் இடுக்கி, மார்செல் அலை என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தக் கேஸ் அடுப்பை அவர் கண்டுபிடித்ததாகச் சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. இடுக்கி காய்ச்சுவது அவருக்கு முன்பே இருந்தது. அவர் செய்தது அதற்குப் பெரிய கிராக்கியை உண்டாக்கியது. அலை போடுவது சலூன் வேலையாக ஆனதும் ஒவ்வொரு சலூன் மேஜைக்கும் ஒரு அடுப்பு தேவைப்பட்டது.

சாதாரணச் சுருளுக்கும் அந்த அலைக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் வளைவுதானே?

சுருள் என்றால் முடியை இரும்பைச் சுற்றிச் சுற்றி எடுத்து உருவி விடுவது. ஸ்பிரிங் மாதிரி தொங்கும். மார்செல் அலையில் சுற்றுவதே இல்லை. இடுக்கியின் ஒரு பக்கம் உருண்டைக் கம்பி, மறுபக்கம் அந்தக் கம்பி உட்காருகிற மாதிரி குழிந்த வாய். நடுவில் முடிக்கற்றையைக் கவ்வி, மணிக்கட்டை ஒரு பக்கம் லேசாகத் திருப்பினால் ஒரு மேடு விழும். கொஞ்சம் கீழே இறக்கி எதிர்ப் பக்கம் திருப்பினால் அடுத்த மேடு. பக்கத்துக் கற்றையில் போடும் மேடு முந்தையதோடு சேர்ந்து ஒரே கோடாக ஓட வேண்டும். பிசகினால் தலையில் படிக்கட்டு உடைந்து கிடக்கும்.

வேலையின் போது இடது கையில் சீப்பு, வலது கையில் இடுக்கி. சீப்பு எப்போதும் இரும்புக்கும் தலைத்தோலுக்கும் நடுவில். வகுப்பில் குளிர்ந்த இடுக்கியைக் கொடுத்துப் பழகச் சொல்வேன். திறப்பதும் மூடுவதும் விரல்களுக்குள்ளேயே கைப்பிடி உருளுவதும் கைக்கு வரவே நாளாகும். நல்ல கை என்றால் ‘டிக் டிக்’ என்று ஒரே தாளத்தில் சத்தம் கேட்கும்.

சரி, எவ்வளவு சூடுன்னு எப்படித் தெரியும்? மீட்டர் எதுவும் காணோமே?

இதுதான் உருப்படியான கேள்வி. அடுப்புக்குச் சூடாக்கத் தெரியுமே தவிர, போதும் என்று சொல்லத் தெரியாது. காற்றுக் கலந்த கேஸ் சுடரின் சூடு ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாராளமாகத் தாண்டும். முடிக்கு வேண்டியது அதில் ஒரு சின்னப் பங்குதான். இன்றைய கர்லிங் அயர்ன்கள் சுமார் 120இலிருந்து 230 டிகிரிக்குள் ஓடுகின்றன. அந்தச் சின்ன இடைவெளிக்குள் இரும்பைப் பிடித்து நிறுத்துவது முழுக்க முழுக்கக் கையின் பொறுப்பு.

எல்லோருக்கும் தெரிந்த வழி தாள் சோதனை. மெல்லிய வெள்ளைத் தாள் ஒன்றை இடுக்கியில் கவ்வி மனதுக்குள் சில எண்ணிக்கை பிடித்துப் பார்ப்பது. தாள் பழுப்பேறினால் சூடு அதிகம். நிறம் மாறாமல் மொடமொடவென்று வளைந்தால் முடியில் வைக்கலாம். சூடு அதிகமானால் கைப்பிடியை விரல்களில் பிடித்து இடுக்கியைக் காற்றில் சுழற்றுவார்கள். பார்க்கிறவர்களுக்கு வித்தை காட்டுவது போல இருக்கும். உண்மையில் ஆற வைப்பதுதான். வேறு சிலர் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெக்கையை வைத்தே சொல்லிவிடுவார்கள். இதை யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

இரும்பே சொல்கிற ஒரு அடையாளமும் உண்டு. பூச்சில்லாத பளபளப்பான எஃகைக் காய்ச்சினால் 220, 230 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறம் ஏறும். மேலே போகப் போகப் பழுப்பு, ஊதா, 300ஐ நெருங்கும்போது நீலம். கொல்லர்களுக்கு இது பாலபாடம். ஆகவே வைக்கோல் நிறம் தெரிகிறது என்றாலே முடிக்கு எல்லை முடிந்துவிட்டது. ஆறினாலும் அந்த நிறம் இரும்பில் நின்றுவிடும் என்பதால், பழைய இடுக்கி ஒன்றைப் பார்த்தே அதை வைத்திருந்தவர் பொறுமைசாலியா அவசரக்காரரா என்று ஓரளவு சொல்லலாம். என்னிடம் இருக்கும் ஒன்றின் நுனி மயில் கழுத்து நீலம். யார் தலையோ பாவம்.

முடி கருகாதா? எனக்கு நினைச்சாலே தலை எரியுது.

கருகும், கருகியிருக்கிறது. ஆனால் கருகல் கண்ணுக்குத் தெரிகிற சேதம். தெரியாத சேதம் ஈர முடியில் நடக்கும். முடிக்குள் இருக்கும் தண்ணீர் சட்டென்று ஆவியாகி, உள்ளேயே குமிழியிட்டு, அந்த இடத்தில் முடி ஒடிந்து விழும். இதற்கு 200 டிகிரி எல்லாம் தேவையில்லை. ஈர முடியில் 125 டிகிரி இடுக்கியை ஒரு நிமிடம் வைத்தாலே குமிழி வருகிறது என்று சோதித்திருக்கிறார்கள். மார்செல் அலை போடுவதற்கு முன் முடி கழுவி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்று பழைய ஆட்கள் கறாராக இருந்ததில் நல்ல காரணம் உண்டு.

எண்ணெய் தேய்த்த முடியிலும் போட மாட்டார்கள். எண்ணெய் புகையும், இரும்பில் பிசினாகப் படியும், அலையும் சரியாக நிற்காது.

போட்ட அலை எத்தனை நாள் நிக்கும்?

அடுத்த முறை தலை நனையும் வரை. முடி கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளுக்கு நடுவே ஹைட்ரஜன் பிணைப்புகள் ஏராளம். சூடு பட்டால் அவை விடும், ஆறினால் புது வடிவத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும். தண்ணீர் பட்டாலும் விடும். அதனால் மழை, வியர்வை, குளியல் எல்லாமே அலைக்கு எதிரி. இன்றைய கரன்ட் இடுக்கியிலும் இதே கதைதான். கேஸில் காய்ச்சினால் அதிகம் நிற்கும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. இரும்பு கனமானது, சூட்டை அதிகம் தேக்கி வைக்கும் என்பதால் கற்றைக்குக் கற்றை சூடு இறங்காமல் வேலை சீராக வரும். மற்றபடி சூடு எங்கிருந்து வந்தது என்று முடிக்குத் தெரியாது.

நிரந்தரமாக நிற்க வேண்டும் என்றால், அதே இழைகளை இன்னும் உறுதியாகக் கட்டியிருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைக்க வேண்டும். அதற்கு வெறும் சூடு போதாது, ரசாயனமும் வேண்டும். ஜெர்மனியில் பிறந்து லண்டனில் தொழில் செய்த கார்ல் நெஸ்லர் 1900களின் முதல் பத்தாண்டில் காரக் கரைசலும் மின்சாரத்தில் சூடாகும் பித்தளை உருளைகளும் வைத்து அதைச் செய்து காட்டினார். மணிக்கணக்கில் உட்கார வேண்டும். ஆனாலும் வாராவாரம் சலூனுக்கு ஓடுவதை விட இது தேவலை என்று ஒரு கூட்டம் அந்தப் பக்கம் போனது.

இது சலூன் சாமானா, வீட்டுச் சாமானா?

இரண்டும். சலூனில் கனமான, இரண்டு மூன்று இடுக்கி ஒன்றாக வைக்கும் வகை. ஒன்று வேலையில் இருக்கும்போது மற்றது காய்ந்துகொண்டிருக்கும். வீட்டுக்கு ஒற்றை இடுக்கி போதும். ஆண்களுக்கும் இதில் பங்கு உண்டு: மீசை முறுக்க விரல் தடிமன் கூட இல்லாத குட்டி இடுக்கிகள் தனியாக விற்றன.

இந்தத் துறையில் புகுந்து விளையாடிய புதுமை விரும்பிகள் நிறையப் பேர். பிற்காலத்தில் இயந்திரத் துப்பாக்கியால் உலகத்தையே நடுங்க வைத்த ஹைரம் மாக்சிம் 1866இல் வாங்கிய முதல் காப்புரிமை எதற்குத் தெரியுமா? முடி சுருட்டும் இரும்புக்கு.

தீப்பிடிக்கலையா அப்போ? அந்த டிரெஸ் எல்லாம் பார்த்தா பயமா இருக்கே.

பயம் நியாயமானது. லேஸ் வைத்த தொளதொளச் சட்டைக்கை, பக்கத்தில் மஸ்லின் திரை, நடுவில் திறந்த சுடர். நான் அதை விடப் பயப்படுவது சீப்புக்கு. 1870களுக்குப் பிறகு செல்லுலாய்டு என்ற ஆரம்பகாலப் பிளாஸ்டிக்கில் செய்த சீப்பும் கொண்டை ஊசியும் மலிவாகக் கிடைத்தன. தந்தம் போல அழகாக இருக்கும், ஆனால் பற்றினால் பொசுக்கென்று எரிந்துவிடும். காய்ந்த இடுக்கி அதில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. விவரம் தெரிந்தவர்கள் அலை போட வல்கனைட் என்ற கடின ரப்பர் சீப்பை வைத்துக்கொண்டார்கள்.

இன்னொரு ஆபத்து சத்தமில்லாதது. நிலக்கரி வாயுவில் பாதி ஹைட்ரஜன், மூன்றில் ஒரு பங்கு போல மீத்தேன். மீதியில் கார்பன் மோனாக்சைடும் கணிசமாக உண்டு. அதாவது எரியாமல் கசிந்தாலே விஷம். ரப்பர் டியூப் காய்ந்து வெடித்தோ மூக்கிலிருந்து நழுவியோ மூடிய படுக்கையறையில் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. இன்றைய சமையல் கேஸ் கசிந்தால் தீப்பிடிக்கும், மூச்சு முட்டும், ஆனால் அதில் இந்த விஷம் கிடையாது. இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள், கீழே மறுபடி வரும்.

கரன்ட் வந்ததும் ஒரேயடியா ஒழிஞ்சுதா?

இல்லை. கரன்ட் வந்ததும் முதலில் மாறியது இடுக்கி அல்ல, அடுப்பு. சுடருக்குப் பதில் உள்ளே மின்கம்பிச் சுருள் வைத்த காய்ச்சும் குழல் விற்பனைக்கு வந்தது. இடுக்கி அதே வெறும் இரும்புதான். சூடாகும் பகுதியை இடுக்கிக்குள்ளேயே வைப்பது அதோடு சேர்ந்து வளர்ந்து, பிறகு வீடுகளில் அதுவே வென்றது. வேலை செய்யும்போது ஒயர் இழுபடுவது தொழில் ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. மணிக்கட்டைச் சுழற்றுகிற வேலைக்கு ஒயர் பெரிய இடைஞ்சல்.

அதனால்தான் ஒயர் இல்லாத இரும்பும் தனி அடுப்பும் இன்னும் சாகவில்லை. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களின் சலூன்களில் மார்செல் இடுக்கிகளும் அவற்றைக் காய்ச்சும் சின்ன அடுப்பும் இப்போதும் மேஜையில் இருக்கின்றன. பெரும்பாலும் மின்சார அடுப்பு. கொஞ்சம் சூடு அதிகம், கொஞ்சம் குறைவு என்று இரும்பை விரல் கணக்கில் ஆள முடிகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். சோதனைக்கு ஒரு வெள்ளைத் தாளோ துணியோ பக்கத்திலேயே இருக்கும்.

ஹாட் கோம்ப்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

அடுப்பு ஒன்று, கருவி வேறு. ஹாட் கோம்ப் என்பது உலோகச் சீப்பு. சுருண்ட முடியை நீட்டுவதற்கு. அதையும் இந்த மாதிரி அடுப்பிலோ சமையலறை கேஸ் ஸ்டவ்விலோ காய்ச்சுவார்கள். இதை மேடம் சி. ஜே. வாக்கர் கண்டுபிடித்ததாகப் பல இடங்களில் எழுதியிருக்கிறது. அவர் கண்டுபிடிக்கவில்லை. 1900களின் தொடக்கத்தில் அவரும், அவருக்கு முன் தொழிலில் இருந்த ஆனி டர்ன்போ மலோனும் முடிப் பராமரிப்பைப் பெரும் வியாபாரமாக வளர்த்தவர்கள். வாக்கரின் முறையில் சூடான சீப்புக்கு இடம் இருந்தது, பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

நம்ம நாட்டுல இது இருந்துச்சா?

நிலக்கரி வாயுக் குழாய் இருந்தது. கல்கத்தாவில் 1857இலும் பம்பாயில் 1865இலும் தெருவில் கேஸ் விளக்கு எரிந்தது. ஆக, அந்த ஊர்களில் இந்த அடுப்பை மாட்ட வசதி இருந்தது. ஆனால் இது வெள்ளைக்காரர் வீட்டு ஒப்பனை மேஜைச் சாமான். எண்ணெய் வைத்து வாரிப் பின்னுகிற தலைக்கு இது எதற்கு?

பழைய அடுப்பு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எதைப் பார்த்து வாங்கணும்?

முதலில் காற்று ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் வெறும் விளக்குச் சுடர் வகை. பழமை அதிகம் இருக்கலாம், வேலைக்கு மட்டம். மேல் மூடி காணாமல் போயிருப்பது மிகவும் சகஜம். மூடி இல்லாததை ‘சின்ன அடுப்பு’ என்றும், அடுப்பு இல்லாத மூடியை ‘தாங்கி’ என்றும் விற்பார்கள். சிரிக்காமல் நகர்ந்துவிடுங்கள். நிக்கல் உரிந்து பித்தளை தெரிந்தால் பரவாயில்லை, அடித்தட்டில் விரிசல் இருந்தால் வேண்டாம்.

மூடியின் உட்புறத்தில் சாம்பல் நிறத்தில், நார் நாராக அட்டை போல ஏதாவது ஒட்டியிருந்தால் கை வைக்காதீர்கள். அந்தக் காலச் சூட்டுச் சாமான்களில் ஆஸ்பெஸ்டாஸ் தாராளமாகப் புழங்கியது. சுரண்டினால் அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகும். அப்படிப்பட்டதை வாங்காமல் விடுவதே மேல்.

வீட்டு சிலிண்டர்ல டியூப் மாட்டி ஒரு தடவை எரிச்சுப் பாக்கலாமா ஆன்ட்டி? ஒரே ஒரு தடவை!

கூடாது. ஒரு தடவையும் கூடாது. ‘கேஸ் கேஸ்தானே’ என்று நினைப்பதால் வருகிற ஆசை இது. இந்த அடுப்பின் துளையும் காற்று ஓட்டையும் நிலக்கரி வாயுவுக்காகக் கணக்குப் போட்டுச் செய்தவை. ஒரே கொள்ளளவில் நிலக்கரி வாயு தரும் வெப்பத்தைப் போல இயற்கை எரிவாயு ஏறக்குறைய இரண்டு மடங்கு தரும். சிலிண்டரில் வரும் எல்.பி.ஜி. ஐந்தாறு மடங்கு. அத்தனை எரிபொருள் அதே துளை வழியாக வந்தால் அதற்குத் தேவையான காற்று அந்த ஓட்டையில் நுழையாது. சுடர் மஞ்சளாகி நீண்டு, கரி கக்கும். அரைகுறையாக எரிவதால் கார்பன் மோனாக்சைடும் வரும். முன்பு எரியாத வாயுவில் இருந்த விஷத்தை இப்போது எரித்து உண்டாக்குகிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இது போக, நூறு வயதுத் திருகில் கசிவு.

பிரிட்டனில் 1967இலிருந்து பத்து வருடம் வீடு வீடாகப் போய் இயற்கை எரிவாயுவுக்கு மாற்றியபோது ஒவ்வொரு அடுப்பின் பர்னரையும் மாற்றினார்கள் அல்லது திருத்தினார்கள், முடியாததைத் தூக்கிப் போட்டார்கள். இந்த மாதிரிக் குட்டிச் சாமான்கள் அரிதாகப் போனதில் அதற்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுப்பை விடுங்க. பழைய இடுக்கியை மட்டும் நம்ம கேஸ் ஸ்டவ்ல காட்டி யூஸ் பண்ணலாமா?

முடியும், ஹாட் கோம்ப் காய்ச்சியவர்கள் அதைத்தான் செய்தார்கள். ஆனாலும் நான் சொல்ல மாட்டேன். ஸ்டவ் சுடர் வட்டமாக இருப்பதால் இரும்பு அங்கங்கே திட்டாகக் காயும். தாளில் சோதித்த இடம் சரியாக இருக்கும், இரண்டு விரல் தள்ளி 300 டிகிரி இருக்கும். நிக்கல் உரிந்த பழைய இரும்பில் துரு வேறு. அலை மீது ஆசை என்றால் சூட்டைக் கட்டுப்படுத்தும் மின்சார அடுப்பும் புது மார்செல் இடுக்கியும் தொழில் கடைகளில் கிடைக்கின்றன. முதலில் டம்மி தலையில் பழகுங்கள்.

ஒயர் இல்லாம கேஸ்ல ஓடற கர்லர் விக்குதே, அது இதோட பேரப்பிள்ளையா?

தூரத்துச் சொந்தம். 1980களில் பிரபலமான அந்த வகையில் பியூட்டேன் குப்பி கைப்பிடிக்குள்ளேயே இருக்கும். பெரும்பாலானவற்றில் சுடரே தெரியாது. பொத்தானை அழுத்தினால் பொறி பறக்கும். அதன் பிறகு பிளாட்டினம் போன்ற வினையூக்கி பூசிய வலையில் வாயு சுடரில்லாமல் எரியும். அடுப்பையே இடுக்கிக்குள் மடக்கி வைத்த மாதிரி. சூடு தானாகக் கட்டுப்படுவதால் தாள் சோதனைக்கு வேலை இல்லை. குளிர் நாட்டில் ஒரு சிக்கல் மட்டும் வரும். பியூட்டேனின் கொதிநிலை பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழே. உறைபனியில் காரில் விட்டுவிட்டால் குப்பியில் திரவம் ஆவியாகாது, கர்லர் பற்றிக்கொள்ளாது. கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பிடித்திருந்தால் சரியாகிவிடும். வேறு எதிலும் காட்டிச் சூடாக்க வேண்டாம்.

அதை ஃப்ளைட்ல எடுத்துட்டுப் போலாமா?

கேஸ் குப்பி உள்ள முடிக் கருவி ஒருவருக்கு ஒன்று என்பது பொதுவான விதி. சூடாகும் பகுதியின் மேல் பாதுகாப்பு மூடி இறுக்கமாக மாட்டியிருக்க வேண்டும், விமானத்துக்குள் பயன்படுத்தக் கூடாது. மாற்றுக் குப்பிகளைக் கைப்பையிலும் விட மாட்டார்கள், பெட்டியிலும் விட மாட்டார்கள். அமெரிக்காவில் கருவியைக் கைப்பையில் மட்டும்தான் அனுமதிக்கிறார்கள், பெட்டியில் போட்டால் எடுத்துவிடுவார்கள். மற்ற இடங்களில் விமான நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசம் உண்டு, கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள். என்னுடைய பழைய அடுப்பு லண்டனிலிருந்து பெட்டியில்தான் வந்தது. அதில் கேஸே இல்லை, டியூபும் இல்லை. எக்ஸ்ரேயில் பார்த்தவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, பெட்டியைத் திறக்கச் சொல்லி, இது என்ன என்று கேட்டார். முதல் கேள்விக்கான பதிலையே அவருக்கும் சொன்னேன்.